பெட்டி கொள்ளும் அளவும் இயந்திரம் தாங்கும் அளவும்

காலபோக அறுவடை நடைபெறும் தை, மாசி, பங்குனி மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களின் வயல் வீதிகளில் ஒரு காட்சியை எவரும் காணலாம். இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்று தன்பின்னே பெட்டியொன்றை இழுத்து வரும். பெட்டியின் பக்கப்பலகைகளுக்கு மேலே நெல் மூட்டைகள் மூன்று நான்கு அடுக்குகளாக எழுந்து நிற்கும். அவற்றின்மேற் கூலியாட்கள் இருவரோ மூவரோ அமர்ந்திருப்பர். குளக்கட்டின் ஓரமாக அப்பெட்டி சாய்ந்தும் நிமிர்ந்தும் செல்வதைக் கண்டு எவரும் வியப்புறுவதில்லை. விபத்தொன்று நேரும்வரை அது வழக்கமெனவே கொள்ளப்படுகின்றது.

இவ்வழக்கத்தைப் பற்றிக் கமக்காரருக்குச் சில கூறவேண்டியுள்ளது. அளவுக்கு மிஞ்சிய பாரத்திற்குச் சாரதியின் பேராசையே காரணமெனப் பலர் கருதுகின்றனர். எமது கருத்து அதனின்றும் வேறுபட்டது. மூட்டைக்கு உரியவரும், கூலி பேசும் முறையும் இக்குற்றத்திற் சரிபாதிப் பங்குடையர் என்பதே எமது கருத்தாகும். அதனை விளக்குமுன் பாரம் ஏற்றுவதில் அடங்கியுள்ள சில உண்மைகளை நோக்குதல் வேண்டும்.

"இயந்திரம் இழுக்கின்றது, பின் ஏன் ஏற்றக்கூடாது?" என்று கமக்காரர் வினவுவர். இயந்திரம் இழுக்கின்றது என்பது உண்மையே. ஏழு குதிரைவலுவுடைய சிறிய இயந்திரமும் தாழ்ந்த கியரில் மெல்ல நகருமாயின் வியக்கத்தக்க பாரத்தை இழுத்துவிடும். வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதே கியரின் தொழில். ஆனால் நிறுத்தும் வலுவைப் பெருக்குதற்கு அத்தகைய வசதி எதுவும் இல்லை. பிறேக்கும், நிலத்தைப் பற்றும் ரயரும் எவ்வளவு தடுக்குமோ அவ்வளவே. தடுக்கும் வலு மாறாதிருக்கப் பாரம் இருமடங்கானால், நின்று கொள்வதற்கு வேண்டிய தூரமும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் அத்தூரம் நான்கு மடங்காகும். ஆகவே ஓர் இயந்திரத்திற்கு ஏற்ற பாரம் எது என்பதை அது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து முடிவு செய்யலாகாது. இறக்கத்தில் எவ்வளவை நிறுத்தும் என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இரு சில்லு இயந்திரத்தின் பெட்டிக்குக் காலால் மிதிக்கும் பிறேக் பொதுவாக உண்டு. அது சேறும் எண்ணெய்ப் பசையும் படிந்து, ஆண்டுக்கணக்கிற் கவனிப்பாரற்றுக் கிடப்பதே பெரும்பாலும் காணப்படுகின்றது. நாற்சில்லு இயந்திரங்களின் பின்னே கொளுவும் பெட்டிகளிற் பலவற்றிற்கு அதுதானும் இல்லை. அங்கே பெட்டியிலுள்ள பாரம் முழுவதையும் முன்னுள்ள இயந்திரமே தடுத்து நிறுத்த வேண்டியதாகின்றது. பாரமான பெட்டி தடுக்கப்பட்ட இயந்திரத்தைப் பின்னின்று உந்த, இரண்டும் கொளுவிய இடத்தில் மடிந்து, இயந்திரம் பக்கவாட்டாகப் புரண்டுவிடும்.

இறக்கத்தில் இரு சில்லு இயந்திரத்திற்கு இன்னுமோர் இயல்பு உண்டு. அதனை அறியாதவர் பலர். சமதரையில் இடக்கைப் பக்கத்துக் கிளச்சுப் பிடியை அமுக்கினால், இடச்சில்லு வலுவிழக்க, வலச்சில்லு உந்தி, இயந்திரம் இடப்புறமாகத் திரும்பும். குளக்கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ இறங்கும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அப்பொழுது பாரம் பின்னின்று தள்ள, இயந்திரம் சில்லுகளைத் தடுத்துப் பிடித்து வருகின்றது. அந்நிலையில் இடக்கிளச்சை அமுக்கினால், இடச்சில்லு விடுபட்டு ஓட, வலச்சில்லு தடைப்பட்டு நிற்க, இயந்திரம் வலப்புறமாகவே திரும்பும். சாரதி ஒருபுறம் திருப்ப, இயந்திரம் மறுபுறம் செல்லும். பாரம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாகவும் கடுமையாகவும் இம்மாற்றம் நிகழும். இறக்கத்திற் கிளச்சைத் தொடாது, மேலிருக்கும்போதே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொண்டு, கைப்பிடியை உடல்வலுவால் திருப்பி இறங்குதலே முறை. கியரை விடுவித்து எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணுதல் பேராபத்தாகும். பதினைந்து மூட்டையோடு உடல்வலுவாற் கைப்பிடியைத் திருப்பக்கூடியவர், அதன் இருமடங்கு மூட்டையோடு திருப்ப வல்லரோ என்பதைத் தாமே எண்ணிப் பார்ப்பாராக.

மாட்டு வண்டிலின் காலத்தில் இத்தொல்லை இவ்வளவாக இருக்கவில்லை. அன்றைய வண்டிற்காரர் எல்லோரும் இரக்கமுடையோர் என்று கூறவரவில்லை. மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க 1907 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் தேவைப்பட்டது. ஆயினும் மாடு ஓரளவுக்குமேல் இழுக்க மறுத்து நின்றுவிடும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். இரண்டையும் வண்டிற்காரர் உடனே கண்டுகொள்வர். இயந்திரம் அவ்வாறு அறிவிப்பதில்லை. அச்சு முறியும் நாள்வரை அது பேசாது இழுத்துக்கொண்டே செல்லும்.

இனி, பாரம் எவ்வளவு என்பதை அறிதல். நம்மவர் பெட்டியின் கொள்ளளவைப் பார்த்தே பாரத்தை மதிக்கின்றனர். பெட்டி நிறைந்தால் ஒரு நடை என்பது கணக்கு. இக்கணக்கு நெல்லுக்கு ஓரளவு பொருந்தும், பிறவற்றிற்குப் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, 8 அடி நீளமும், 5 அடி அகலமும், 1½ அடி உயரமுமுள்ள ஒரு பெட்டியைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 60 கன அடி. அதிலே ஏறத்தாழ 46 புசல் நெல் அடங்கும். ஒரு புசல் உலர்ந்த நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோகிராம். ஆகவே பலகை மட்டத்திற்கு நெல் நிரப்பினால் அது ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவாயிருக்கும். அதே பெட்டியிற் பலகை மட்டத்திற்கு மணலை நிரப்பினாலோ பாரம் 2½ தொன்னைக் கடந்துவிடும். மணல் நனைந்திருந்தால் 3 தொன்னையும் எட்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே அளவாகவே தோன்றும். காலையில் நெல்லேற்றிப் பழகிய சாரதி மாலையில் வீடு கட்டுவோருக்கு மணலேற்றும்போது, தான் மும்மடங்கு பாரத்தை இழுத்துச் செல்வதை உணர்வதில்லை. அறுவடை ஓய்ந்த மாதங்களில் உழவு இயந்திரப் பெட்டிகள் மணலும் கிரவலும் கல்லும் ஏற்றப் பயன்படுவதை யாவரும் அறிவர். வாடகை வருமானம் வேண்டியதுதான். அதனைத் தடுக்க நாம் விரும்பவில்லை. கமத்தொழிலுக்கென்று அமைந்த பெட்டியைக் கொண்டு லொறியின் வேலையைச் செய்விப்பதையே கண்டிக்கின்றோம்.

நெல்லிலும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னர் அரிவி வெட்டி, உப்பட்டி காயவிட்டு, சூடு வைத்து, பின் சூடடித்தபோது நெல் பெரும்பாலும் உலர்ந்தே வீடு வந்தது. இன்று வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே இயந்திரத்தில் முடிவதால், ஈரநெல் நேரே பெட்டிக்கு வருகின்றது. நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல், நூற்றுக்கு 22 பங்கு ஈரத்துடன் இருந்தபோது ஏறத்தாழ 110 கிலோகிராம் எடையுடையதாக இருந்திருக்கும். ஆகவே பத்து மூட்டை ஈரநெல்லை ஏற்றுபவர் ஒரு மூட்டை நீரையும் கூடவே ஏற்றுகின்றார். வயலருகே காயவிட இடமும் வெயிலும் உள்ளோர் முதலிற் காயவிட்டுப் பின்னர் ஏற்றுதல் இருவகையிலும் நன்று.

ஏற்றும் இடமும் கவனித்தற்குரியது. பாரம் பெட்டியின் முன்புறத்திற் குவிந்தால் கொளுவியை அழுத்தும். நாற்சில்லு இயந்திரத்தில் அவ்வழுத்தம் பின்னச்சின்மேல் விழ, முன்சில்லுகள் இலேசாகிச் சுக்கான் பிடிக்காது போகும். மேட்டில் ஏறும்போது முன்சில்லுகள் நிலத்தைவிட்டு எழுவதும் உண்டு. பெட்டியைக் கொளுவ வேண்டிய இடம் பின்னச்சின் மட்டத்திற்குக் கீழேயுள்ள இழுவைச் சட்டமாகும். அதைவிட உயரத்திற் சங்கிலியாலோ கம்பியாலோ கட்டி இழுத்தால், இயந்திரம் முன்புறம் எழுந்து சாரதியின்மேலேயே மல்லாந்து விழக்கூடும். பாரம் பின்புறத்திற் குவிந்தாலோ கொளுவி மேலெழுந்து, பெட்டி பாம்புபோல் இருபுறமும் ஆடும். அச்சுக்கு நேர்மேலே, சற்று முன்னாக, தாழ்வாக அடுக்குதலே சரி. மூட்டைகள் உயர உயரப் பெட்டி கவிழ்வது எளிதாகும். ஒரு சில்லு வண்டித் தடத்திற் பதிந்தாலே போதும்.

வைக்கோலைப் பொறுத்தவரை பாரத்தினும் பருமனே துன்பம் விளைக்கின்றது. இருபுறமும் மூன்றடி வெளியே நீட்டி, மேலே மின்கம்பியை எட்டும் உயரத்திற்கு வைக்கோலை ஏற்றிச் செல்கின்றனர். சாரதிக்குப் பின்னால் வருவது தெரியாது. பின்னால் வருபவருக்கு விளக்குத் தெரியாது. புகைக்குழாயின் பொறியோ, தாழ்ந்து தொங்கும் கம்பியோ பட்டால் சில நிமிடங்களில் எல்லாம் சாம்பலாகும். இருள் சூழ்ந்தபின் பெருந்தெருவில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வைக்கோற் பொதியின்மீது விரைந்து வரும் மோட்டார் சைக்கிள் மோதுதல் நாம் அடிக்கடி கேள்வியுறும் துயரமாகும். பொதியின் பின்புறத்தே ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடுகள் இரண்டைக் கட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். சூரியன் மறைந்தபின் வைக்கோல் ஏற்றாதிருப்பதற்கு அச்செலவும் இல்லை. இவ்வாறே, மூன்று தொன் அளவு எடையுள்ள கூட்டறுவடை இயந்திரங்களை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வோர், அவற்றின் அகலத்தைத் தாங்காத சிறு லொறிகளில் ஏற்றி, சங்கிலிச் சில்லின் ஒரு பகுதி வெளியே நிற்க ஓட்டிச் செல்வதையும் காண்கின்றோம்.

மனிதரை ஏற்றுவது இவை எல்லாவற்றினும் பாரதூரமானது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்திற் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரப் பெட்டி நீரால் அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர் பலர் உயிரிழந்தனர். வேறு வாகனம் செல்லவியலாத இடத்திலும் உழவு இயந்திரம் செல்லும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சேற்றைப் பொறுத்தமட்டில் அந்நம்பிக்கை சரியானதே. ஓடும் நீரில் அது பொய்த்துவிடும். மேற்கூறிய 8 அடிக்கு 5 அடிப் பெட்டியின் தளத்தை நீர் எட்டியபின், உள்ளே நீர் புகும்வரையில், ஒவ்வோர் அங்குல ஆழமும் அதனை ஏறத்தாழ 94 கிலோகிராம் எடையளவுக்கு மேலே தூக்குகின்றது. பெட்டியில் நிற்கும் பத்துப்பேரின் எடையை ஆறு அங்குல நீர் ஈடுசெய்துவிடும். அதன்பின் சில்லுகள் நிலத்தைப் பற்றுவது குறைய, பக்கவாட்டாக வரும் வெள்ளம் பெட்டியை வீதியை விட்டுத் தள்ளும். பெட்டி இயந்திரத்தையும் இழுத்துச் செல்லும். வெள்ள காலத்தில் ஊராரை மீட்பதற்கு இப்பெட்டிகளையே நாடவேண்டிய நிலை நமது ஊர்களில் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நிலையான நீரில் மெல்லச் செல்வதும், வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் நீரிற் செல்வதும் ஒன்றல்ல என்பதையாவது சாரதிகள் அறிந்திருத்தல் வேண்டும்.

மிகைப்பாரத்தால் வீதிக்கு நேரும் சேதத்தையும் கமக்காரரே சுமக்கின்றனர். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், வெவ்வேறு பாரமேற்றிய வாகனங்களைப் புதிதாக அமைத்த வீதிகளில் இடைவிடாது ஓட்டிப் பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. அச்சின்மேல் விழும் பாரம் இருமடங்கானால் வீதியின் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பது அதன் முடிவுகளிலிருந்து பெறப்பட்டது. நமது வயல் வீதிகளும் வாய்க்காற் கட்டுகளும் அத்தகைய உறுதியுடன் அமைக்கப்பட்டவையல்ல. மாரியில் ஊறிய மண்கட்டின்மேல் மிகைப்பாரம் சென்றால் தடம் பதிந்து, தடத்தில் நீர் தேங்கி, அடுத்த மழையிற் கட்டு உடைப்பெடுக்கும். மதகு இடிந்தால் கீழ்ப்பகுதி வயல்களுக்கு நீர் செல்லாது. இரண்டு நடையின் கூலியை மிச்சப்படுத்தியவர், சிறுபோகத்தில் அதே மதகைத் திருத்தும்படி மனுவெழுதுவதை அலுவலர்கள் நன்கறிவர்.

மலைநாட்டிலிருந்து காய்கறி அனுப்புவோருக்கும் ஒரு சொல். 1999 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு வரும் லொறிகளிற் கரட்டும் கோவாவும் தக்காளியும் சாக்குகளில் அடைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் ஆட்களும் ஏறி வருகின்றனர். அறுவடைக்குப்பின் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு காய்கறியும் பழமும் வீணாகின்றன என்று நம் நாட்டில் நெடுங்காலமாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. அதிற் கணிசமான பகுதி இவ்வாறு நசிவதனால் நேர்வது. பிளாத்திக்குக் கூடைகளில் அடுக்கினால் லொறி கொள்ளும் தொகை குறைகின்றது என்பது வியாபாரிகளின் முறைப்பாடு. குறைவது உண்மை. ஏற்றிய தொகைக்கும் விற்ற தொகைக்குமுள்ள வேறுபாட்டை அவர்கள் எழுதிவைத்துப் பார்க்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இனி, முதலிற் கூறிய கருத்துக்கு வருவோம். நமது ஊர்களிற் பெட்டிக்குக் கூலி நடைக்கு இவ்வளவென்றே பேசப்படுகின்றது. கூலி நடைக்கு எனின், ஒரு நடையில் இயன்றவரை ஏற்றுவித்தல் கமக்காரருக்கு இலாபம். "இன்னும் நான்கு மூட்டைதானே, போட்டுவிடு தம்பி" என்று கூறுபவர் அவரே. சாரதி மறுத்தால் அடுத்த வீட்டு இயந்திரம் வரும். கடன் பெற்று இயந்திரம் வாங்கிய இளைஞர், தவணைப் பணம் கட்டவேண்டிய மாதத்தில் மறுத்துரைக்கத் துணியார். முறியும் அச்சும் தேயும் ரயரும் அவருடையவை. விபத்து நேர்ந்தால் நீதிமன்றத்தில் நிற்பவரும் அவரே. இலாபம் ஒருவருக்கும் ஆபத்து மற்றொருவருக்கும் என்று வகுத்துவைத்த இம்முறை நீடிக்கும்வரை, சாரதிக்கு எத்துணை அறிவுரை கூறினும் பயன் சிறிதே.

சட்டம் இல்லாமலில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தண்டிக்கின்றது. ஆனால் வயலுக்கும் ஆலைக்கும் இடையேயுள்ள மண்பாதையிற் பொலிசார் நிற்பதில்லை. நிற்கவேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவும் இயலாது. இங்கே ஊர்க்கட்டுப்பாடே பயன் தரும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அமைந்த கமக்காரர் அமைப்புகள் இதற்கு ஏற்றவை. போகத் தொடக்கக் கூட்டத்தில் விதைப்பு நாளையும், நீர் திறக்கும் நாளையும், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் நாளையும் தீர்மானிக்கின்றோம். அதே கூட்டத்தில் இரு சில்லு இயந்திரத்திற்கு ஒரு நடையில் எத்தனை மூட்டை, நாற்சில்லு இயந்திரத்திற்கு எத்தனை மூட்டை என்பதையும் தீர்மானித்தல் கூடும். கூலியை நடைக்கென்று பேசாது மூட்டைக்கென்று பேசினால், மிகைப்பாரம் ஏற்றுவிப்பதாற் கமக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. நாளொன்றிற் கூடுதலாக ஏற்றும் ஆசை சாரதிக்கு அப்போதும் இருக்கும். நடைக்கு இத்தனை மூட்டையென்ற வரம்பும் கூடவே இருந்தால் அது அடங்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. மழை கறுத்து வரும்போது இரண்டாம் நடைக்கு நேரமில்லை என்பர். நெற் கொள்வனவு நிலையத்தின் வாயில் மாலையில் மூடப்படும் என்பர். எரிபொருள் விலை மிகுதி என்பர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. 2022 ஆம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், இரண்டு நடையை ஒரு நடையாக்கியவரை எவ்வாறு குறைகூறுவது? ஆயினும் அத்தகைய இடுக்கண் இல்லாத ஆண்டுகளிலும் அதே பாரம் ஏற்றப்படுகின்றது. மழைக்கு அஞ்சுவோர் பெட்டியை உயர்த்தி அடுக்குவதை விட, வயலருகே மேட்டில் மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கிப் படங்கால் மூடி வைக்கலாம். ஓர் இரவுக்கு அது போதும்.

கப்பல்களின் பக்கத்தில் ஒரு கோடு தீட்டப்பட்டிருப்பதைக் கொழும்புத் துறைமுகத்திலோ திருகோணமலையிலோ கண்டிருப்பீர்கள். மிகைப்பாரம் ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் மாண்டு போவதைக் கண்டு பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சொல் என்பார் இடைவிடாது போராட, 1876 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோட்டைக் கட்டாயமாக்கிற்று. நீர் கோட்டைத் தொட்டபின் ஒரு பொதியும் ஏற்றலாகாது. கப்பலின் சொந்தக்காரருடன் மாலுமி வாதாட வேண்டியதில்லை, கோடே வாதாடும். நமது பெட்டிகளுக்கும் அத்தகைய கோடு தீட்டலாம். ஒரு தொன் தாங்கும் 8 அடிக்கு 5 அடிப் பெட்டியில், நெல்லுக்குரிய கோடு பலகையின் மேல்விளிம்பே. மணலுக்குரிய கோடு தளத்திலிருந்து ஆறரை அங்குலத்தில் அமையும். ஈரமணலாயின் ஐந்தரை அங்குலம். பெட்டி தாங்கும் அளவு அதன் செய்கைக்கும் அச்சுக்கும் ரயருக்கும் ஏற்ப வேறுபடுமாதலின், இயந்திரம் விற்றவர் தந்த கைந்நூலைப் பார்த்தே ஒவ்வொருவரும் தம் பெட்டிக்குரிய பாரத்தை அறிதல் வேண்டும். கைந்நூலை இழந்தோர் அதே வகை இயந்திரம் விற்பனை செய்யும் நிலையத்திற் கேட்டறியலாம். கணக்குப் போட்டுக் கோட்டின் உயரத்தை அறிவதற்குப் பகுதி விவசாயப் போதனாசிரியரோ கமநல சேவை நிலைய அலுவலரோ உதவுவர். வெள்ளைப் பூச்சுச் சிறிதும், தூரிகை ஒன்றும், அரைமணி நேரமும் இதற்குப் போதும். சிறுபோக அறுவடைக்கு முன்னரே, பெட்டி வெறுமையாகக் கொட்டிலில் நிற்கும்போது இதனைச் செய்து முடித்துக்கொள்க.